உப்பு விரும்பும் நுண்ணுயிர்: எந்தக் குடும்பப் பெயரை எழுதுவது?

கேள்வி: அடர்ந்த உப்புநீரிலிருந்து சிவப்பு நிற நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தேன். நுண்ணுயிர்களை இனங்காணப் பயன்படும் 16எஸ் மரபணுவின் ஒப்பீட்டில் ஹாலோரூப்ரம் பேரினம் என்று வந்தது. பழைய பாடநூல் அதன் குடும்பத்தை ஹாலோபாக்டீரியேசியே என்கிறது. ஒரு தரவுத்தளத்தில் ஹாலோரூப்ரேசியே, இன்னொன்றில் ஹாலோஃபெராகேசியே. ஆய்வேட்டில் எதை எழுத வேண்டும்?

பதில்: ஹாலோரூப்ரேசியே என்று எழுதுங்கள். மற்ற இரண்டையும் பிழை என்று தள்ளிவிட வேண்டாம். பெயரிடுவதற்குத்தான் பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. எதை எதனோடு சேர்ப்பது என்பது ஆய்வாளரின் முடிவு. அதிகாரபூர்வ வகைப்பாடு என்று ஒன்று கிடையவே கிடையாது.

உங்கள் நுண்ணுயிர் ஆர்க்கியா, அதாவது பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒற்றை உயிரணு உயிரி. 2015 வரை ஹாலோபாக்டீரியா வகுப்பைச் சேர்ந்த உப்பு விரும்பும் ஆர்க்கியாக்கள் அனைத்தும் ஹாலோபாக்டீரியேசியே என்ற ஒரே குடும்பத்தில் இருந்தன. அந்த ஆண்டில் மரபணுத்தொகை ஒப்பீட்டின் அடிப்படையில் அவை மூன்று வரிசைகளாக (குடும்பத்துக்கு மேலுள்ள நிலை) பிரிக்கப்பட்டன. ஹாலோஃபெராகேசியே அப்போது வந்தது. ஹாலோரூப்ரம் பேரினத்தை மாதிரியாக வைத்து ஹாலோரூப்ரேசியே அதிலிருந்து பிரிந்தது 2016இல். இந்தப் பிரிவு தேவையில்லை என்று கருதுபவர் இரண்டையும் ஒன்றாக்கினால், முதலில் வந்த பெயருக்கே முன்னுரிமை. உங்கள் இரண்டாவது தரவுத்தளத்தில் ஹாலோஃபெராகேசியே இருப்பது அதனால்தான். எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

பெயரில் 'பாக்டீரியா' இருக்கிறதே என்று இதைப் பாக்டீரியா என எழுதிவிடாதீர்கள். ஆர்க்கியாக்கள் தனி உயிர்ப்பிரிவு என்று 1977இல் தெரியவருவதற்கு முன்பே ஹாலோபாக்டீரியம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரை மாற்ற விதி இடம் தருவதில்லை. 'ஹாலோ' என்றால் உப்பு, அவ்வளவுதான். உறவுக்கு அது சான்றாகாது. ஹாலோமோனாஸ் உண்மையான பாக்டீரியா. நிறமும் அப்படியே: 2002இல் பெயரிடப்பட்ட சாலினிபாக்டர் ரூபர் சிவப்பாக இருந்தாலும் பாக்டீரியாதான்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 16எஸ் மரபணுவோடு நின்றுவிடாதீர்கள். சாக்கடலின் பெயரைத் தாங்கிய ஹாலோஆர்குலா மரிஸ்மார்டுய் என்ற ஆர்க்கியாவின் ஒரே உயிரணுவுக்குள் அந்த மரபணுவின் பிரதிகள் தமக்குள் சுமார் 5 சதவீதம் வேறுபடுகின்றன. அவற்றைத் தனித்தனியே பார்ப்பவர் இரண்டு சிற்றினங்கள் என்றே முடிவு கட்டிவிடுவார். ஆர்பிஓபி (rpoB) என்ற இன்னொரு மரபணுவையும், முடிந்தால் முழு மரபணுத்தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பேரினத்தை உறுதிசெய்யுங்கள். குடும்பப் பெயர் அதற்குப் பிறகுதான்.