அப்பாவின் அட்டையும் உங்கள் கோடிங்கும்

வணக்கம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். அப்பா ஆரணியில் நாற்பது வருடமாகப் பட்டு நெய்கிறார். கோடிங்கின் தொடக்கமே தறி அட்டைதான் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். "சும்மா ஊர்ப்பெருமை பேசாதே" என்று கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்படிச் சொல்வது சரிதானா?

ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகச் சொல்லலாம். எதுவரை சொல்லலாம் என்பதுதான் விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெங்களூருவிலேயே இருக்கும் கப்பன்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். சந்துக்குள் நுழையும் முன்பே தறிச் சத்தம் கேட்கும். போன மாதம் அங்கே ஒரு தறிக்கூடத்தில் அரை நாள் நின்றிருந்தேன். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் அட்டைகள். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் ஓர் இழை. துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி நீளவாக்கில் ஓடும் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். தப்பாகக் குத்திவிட்ட ஒரு துளையின் மேல் காகிதத் துண்டை ஒட்டிக் காட்டினார் நெய்கிறவர். எனக்குச் சிலிர்த்துவிட்டது. 1944-இல் வேலைக்கு வந்த ஹார்வர்டு மார்க் 1 கணினியின் காகிதச் சுருளிலும் தப்பான துளையை இப்படித்தான் ஒட்டி அடைத்தார்கள். மென்பொருள் பிழையைத் திருத்தும் துண்டுக்கு நீங்கள் தினமும் சொல்லும் 'பேட்ச்' என்ற சொல்லுக்கு அங்கே நேர்ப்பொருளே அதுதான்.

பிரான்சின் லியோன் நகரில் பூஷோன் என்பவர் 1725-லேயே துளையிட்ட காகிதத்தைத் தறிக்குக் கொண்டுவந்தார். 1804-இல் ஜக்கார்டு என்பவர் அட்டைகளைக் கொண்டு அதைச் செம்மையாக்கினார். அந்த அட்டையைத்தான் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், பல்சக்கரங்களால் கணக்குப் போடத் தான் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். சிரித்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் தறி அட்டை கணக்குப் போடாது. வரிசையாக வரும், முடிந்தால் முதலிலிருந்து சுற்றும். 'விடை இப்படி வந்தால் இந்தப் பக்கம் போ' என்று அதனிடம் சொல்ல முடியாது. பாபேஜின் திட்டத்தில் அதற்கு வழி இருந்தது. அந்த எந்திரத்தைப் பற்றி ஆங்கிலேயக் கணித ஆர்வலர் அடா லவ்லேஸ் 1843-இல் எழுதிய குறிப்புகளில், அட்டைகளைப் பின்னால் திருப்பி அதே வேலையை மறுபடி செய்யவைப்பதை விளக்குகிறார். உங்கள் லூப் அதுதான். பெர்னூலி எண்கள் என்ற கணித வரிசையைக் கணக்கிடும் படிகளை அட்டவணையாகவே போட்டுக் காட்டினார். எந்திரமோ கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லை. இல்லாத ஓர் எந்திரத்துக்காக எழுதிய அந்த அட்டவணையைத்தான் கோடிங்கின் தொடக்கம் என்பேன். அவருக்கும் தறிதான் கண்முன் நின்றது: ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல இந்த எந்திரம் இயற்கணித வடிவங்களை நெய்யும் என்றார்.

அப்புறம், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். ஓர் அட்டையை இடம் மாற்றிக் கோத்துவிட்டால் சேலையில் என்ன தெரியும், அதை எப்படித் தேடிப் பிடிப்பார் என்று. அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.