மேட்டு நிரையும் பள்ளத்து நிரையும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. 2008இல் அமெரிக்கக் கூடைப்பந்து அணியான டாலஸ் மேவரிக்ஸ், டெவின் ஹாரிஸைக் கொடுத்து ஜேசன் கிட்டை வாங்கியது நல்ல வியாபாரம் என்று. அந்த ஒரு வரியால் எங்கள் கூட்டத்தில் மூன்று வாரமாகச் சண்டை. கோப்பிக் கடை முதலாளி தவுக்கே எங்களை வெளியே போய்க் கத்தச் சொல்லிவிட்டார்.

ஹாரிஸுக்கு அப்போது 24 வயது. கிட்டுக்கு 34. ஓடுகிற காலைக் கொடுத்து நொண்டுகிற காலை வாங்கியதோடு, மேலே இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளையும், கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஹாரிஸ் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். டாலஸோ கிட்டை வாங்கிய ஆண்டே முதல் சுற்றில் மண்ணைக் கவ்வியது. 2011இல் கோப்பை வந்ததால்தான் நீங்கள் நல்ல வியாபாரம் என்கிறீர்கள். நாலு நம்பர் லாட்டரி அடித்த பிறகு ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. எங்கள் குழுவில் பந்தைக் கொண்டுபோகிற அண்ணனுக்கு 44 வயது. தோட்டத்திலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான், 19 வயது, மின்னல். அடுத்த மாதம் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, ஆட்களோடு ஆட்டம். அண்ணனை உட்கார வைக்கலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

உங்கள் வாசகன்,
சுங்கை சிப்புட், மலேசியா

*

அன்புள்ள தம்பி,

நாலு நம்பர் என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். ‘நல்ல வியாபாரம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதியது என் சோம்பேறித்தனம். விலை அதிகம்தான். அன்றைக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். சீனக் கம்பத்துத் திடலில் என்னோடு வாதாடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், மறைக்க முடியாது.

இந்த விவகாரம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2006இல் டாலஸ் இறுதிப் போட்டியில் மயாமியை 2-0 என்று முந்திவிட்டு, அடுத்த நான்கு ஆட்டங்களையும் தோற்றது. அடுத்த பருவத்தில் 67 ஆட்டங்களை வென்று, எட்டாம் இடத்தில் தொத்திக்கொண்டு வந்த கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே உதை வாங்கியது. அவர்களின் தூணான டர்க் நொவிட்ஸ்கிக்கு அப்போது 28 முடிந்துவிட்டது. 2008 பிப்ரவரியில், நியூ ஜெர்சி நெட்ஸிடமிருந்து கிட்டை வாங்கினார்கள். முதல் தடவை டிரேட் முறிந்துபோனது. டாலஸ் அனுப்ப நினைத்தவர்களில் ஒருவருக்கு, தன் ஒப்பந்தப்படி ‘போகமாட்டேன்’ என்று சொல்கிற உரிமை இருந்தது. சொல்லிவிட்டார். இரு பக்கச் சம்பளக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும் என்பது அந்த லீக்கின் விதி. அதனால் ஆட்டத்தை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த கீத் வான் ஹார்னைக் கூப்பிட்டு, புது ஒப்பந்தம் போட்டு, அந்தச் சம்பளத்தைத் தராசில் ஏற்றி அனுப்பினார்கள். தோட்டத்துக் கடையில் எடை குறைந்தால் ஒரு கருவாட்டுத் துண்டை மேலே போடுவார்களே, அது மாதிரி. அந்த டிரேடுக்குப் பிறகு அவர் நெட்ஸுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

ஏப்ரலில் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகள். முதல் எதிரி நியூ ஆர்லியன்ஸ். அங்கே 22 வயது கிறிஸ் பால். அங்கே ராத்திரி நடப்பது நமக்குக் காலை. தே தாரே ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே பால் 35 புள்ளிகள் எடுத்தான். கிட் அவன் முன்னால் நிற்பார், அவன் தோளை ஒரு பக்கம் சாய்ப்பான், கிட்டின் இடுப்பு திரும்புவதற்குள் அவன் வளையத்துக்குக் கீழே இருப்பான். 4-1 என்று தொடர் முடிந்தது. பயிற்சியாளர் ஏவரி ஜான்சனுக்கு வேலை போனது. ஹாரிஸ் இருந்திருந்தால் பாலைக் கொஞ்சமாவது மறித்திருப்பான் என்று அன்று நான் மேசையைத் தட்டினேன். 2006இல் சான் அன்டோனியோவோடு ஆடியபோது, டோனி பார்க்கரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஹாரிஸைத்தானே முதல் ஐவரில் இறக்கினார்கள்?

ஆக 2008இல் உங்கள் கட்சி ஜெயித்தது. 2009இலும் ஜெயித்தது. டென்வரிடம் 4-1. 2010இலும் அப்படியே, சான் அன்டோனியோவிடம் 4-2. மூன்று வருடம் நீங்கள் சொன்னதுதான் சரி.

நான் இப்போது அதை வேறு மாதிரி பார்ப்பதற்குக் காரணம் கோப்பை இல்லை தம்பி. என் அம்மா.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கியவள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்கு, அவளுக்கென்று ஒதுக்கிய மர வரிசைக்கு, போய்விடுவாள். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். நான் பள்ளி விடுமுறையில் வாளி தூக்கப் போவேன். அவள் வெட்டுவதை அருகில் நின்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக நடப்பது போலவே தெரியாது. கத்தி பட்டையில் வழுக்கும். வெற்றிலை நரம்பு கிழிப்பது போல ஒரு மெல்லிய சீவல் சுருண்டு விழும். பால் முதலில் முத்து முத்தாக நிற்கும், அப்புறம் கோடாகி, மங்கில், மரத்தில் கட்டிய கிண்ணத்தில், இறங்கும். ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூட வரும். ஆனால் பட்டைக்கு அடியில் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றுக்கு அங்கே கத்தி வைக்க முடியாது. அம்மா வெட்டிய மரங்களில் காயம் இருக்காது. மேற்பார்வை பார்க்கிற மண்டோர் மற்றவர்களை அழைத்துவந்து காட்டுவார்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அவளுக்கு முட்டி போய்விட்டது. அவளுடைய நிரை மேட்டில். மழை பெய்தால் வழுக்கும். இளசுகள் முடித்துவிட்டுப் பால் கொட்டகையில் வரிசையில் நிற்கும்போது அம்மா பாதி மரத்தில் இருப்பாள். தோட்டத்து அலுவலகக் கிராணி அவளை நிறுத்திவிடலாம் என்றார். அந்த மண்டோர்தான், ‘கெழவிக்குக் கை போகல, காலுதான் போச்சு’ என்று சொல்லி, பள்ளத்தில் இருந்த சமதரை நிரையை மாற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் எட்டு வருடம் வெட்டினாள். மேட்டு நிரை ஒரு பையனுக்குப் போனது. நன்றாகத்தான் வெட்டினான்.

டாலஸில் நடந்தது இந்த நிரை மாற்றம்தான். ஜான்சனுக்குப் பிறகு வந்த ரிக் கார்லைல் இரண்டு காரியம் செய்தார். ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து கத்திக்கொண்டிருக்காமல் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கிட்டிடமே விட்டார். அப்புறம், வேகக் கால்களின் முன்னால் கிட்டை நிறுத்துவதைக் குறைத்தார். கிட்டுக்கு வேகம் போயிருந்தது, உடம்பில் பலம் போகவில்லை. தன்னைவிட உயரமான ஆட்களை மறிக்க அவருக்கு முடியும். வேகமானவர்களை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மீதியைக் கிட்டே செய்துகொண்டார். இளம் வயதில் அவருக்குத் தூரத்திலிருந்து எறிய வராது. ஜம்ப் ஷாட் இல்லாதவர் என்று கிண்டலாக அவர் பெயரிலிருந்து ‘ஜே’ எழுத்தைப் பிடுங்கி ‘ஏசன் கிட்’ என்றே கூப்பிட்டார்கள். அந்த ஆள் 2009-10 பருவத்தில் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் 42.5 சதவீதம் உள்ளே போனது. 36 வயதில் ஒருவர் புதுத் தொழில் கற்றுக்கொள்கிறார். இதை நான் எந்தக் கோப்பையையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

2011 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மேற்கு இறுதிச் சுற்றின் நான்காம் ஆட்டம், ஒக்லஹோமாவில். ஐந்து நிமிடம் மிச்சம், டாலஸ் 15 புள்ளி பின்தங்கி இருக்கிறது. கோப்பிக் கடையில் பாதிப் பேர் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் கிளம்பாததற்குக் காரணம், ரொட்டி சானாய் இன்னும் வரவில்லை. ரொட்டி வந்தபோது ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 40 வினாடி மிச்சமிருக்கும்போது கிட் எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே போனது. அடுத்த மாதம் மயாமியை 4-2 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். கிட்டுக்கு 38 வயது.

இனி உங்கள் நாலு நம்பர் கேள்விக்கு வருகிறேன். டிரேட் நடந்த அன்று டாலஸ் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கிட் பெரியவனா ஹாரிஸ் பெரியவனா என்பது இல்லை. நொவிட்ஸ்கிக்கு இன்னும் எத்தனை நல்ல வருடம் இருக்கிறது, அந்த வருடங்களில் அவர் கைக்குச் சரியான இடத்தில், சரியான நொடியில் பந்தை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பதுதான். அவருக்கு 29. ஹாரிஸ் பழுக்கும்போது அவர் நரைத்திருப்பார். இந்தக் கணக்கைப் போட 2011 தேவையில்லை, 2008 பிப்ரவரியிலேயே போட்டிருக்கலாம். நான் போடவில்லை. ஆனால் இரண்டு டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்தது அதிகம், அதில் இன்றும் உங்கள் பக்கம்தான்.

நெட்ஸ் ஏமாந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. அவர்களுக்கு இளசு வேண்டும், இளசை வாங்கினார்கள். ஹாரிஸ் 2008-09இல் ஆட்டத்துக்கு 21.3 புள்ளிகள் எடுத்தான். கெட்டுப்போனது மற்றதில். 2008 கோடையில் ரிச்சர்ட் ஜெஃபர்சனை விற்றார்கள், அடுத்த கோடையில் வின்ஸ் கார்ட்டரை. ஹாரிஸைச் சுற்றி ஆளே இல்லை. 2009-10 பருவத்தை 18 தொடர் தோல்விகளோடு தொடங்கி, 12 வெற்றி 70 தோல்வி என்று முடித்தார்கள். அந்த இரண்டு வருடமும் சீனக் கம்பத்து அங்கிள்கள் நெட்ஸ் ஆட்டங்களை விடாமல் பார்த்தார்கள் என்பது தனிக்கதை. ஜெஃபர்சனுக்கு மாற்றாக வந்தவர் சீனாக்காரர் யீ ஜியான்லியான். அணி தோற்கத் தோற்க அவர்களுக்குப் பாசம் கூடியது. ஹாரிஸையும் 2011 பிப்ரவரியில் யூட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள், டெரன் வில்லியம்ஸுக்கு ஈடாகப் போனவர்களில் ஒருவனாக.

உங்கள் கூட்டத்தில் யாராவது ‘மூத்தவன் என்றால் எப்போதும் நஷ்டம்’ என்று ஆரம்பித்தால், 2001ஐ எடுத்து வையுங்கள். ஃபீனிக்ஸ் இதே கிட்டைக் கொடுத்து, நான்கு வயது இளையவனான ஸ்டெஃபான் மார்பரியை நெட்ஸிடமிருந்து வாங்கியது. மார்பரி முந்தைய பருவத்தில் ஆட்டத்துக்கு 24 புள்ளி அளவில் எடுத்தவன். கிட் வந்ததும், 26 ஆட்டம் வென்ற நெட்ஸ் 52 ஆட்டம் வென்று இறுதிப் போட்டிக்குப் போனது. அதற்கடுத்த வருடமும் போனது.

சரி, உங்கள் அண்ணன்.

அவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. நம் ஊரில் தமிழ்ப் பையன்கள் கூடைப்பந்துக்கு வந்ததே அவர் தலைமுறையில்தான். தோட்டத்தில் எங்களுக்குக் காற்பந்துத் திடல் இருந்தது. கூடைப்பந்து சீனக் கம்பத்து ஆட்டம். 1948இல் நம் ஊர்ப்பக்கம் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது, 1950க்குப் பிறகு சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். வேலிக்குள் இருக்கிற சிறு இடத்தில் ஆட ஏற்ற ஆட்டம் அது. அந்தச் சிமெண்டுத் தரைக்கு நாங்கள் சைக்கிளில் போய் ஓரமாக நின்றோம். ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். உங்கள் அண்ணன் அப்படி ஓரத்தில் நின்று வந்தவர்.

போன வாரம்கூட வேலிக்கு வெளியே நின்று அவர் ஆடுவதைப் பார்த்தேன். பந்தைப் பார்க்கவே மாட்டார். எதிராளியின் முன்கால் எந்தப் பக்கம் பாரம் ஏற்றுகிறது என்று பார்ப்பார். பாரம் ஏறிய பக்கத்தில் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் போட்டுவிட்டு நின்றுகொள்வார், அவ்வளவுதான், ஓடமாட்டார். ஓட முடியவில்லை என்பதும் உண்மை. பக்கத்துக் கம்பத்தில் ஒரு குள்ளப் பையன் இருக்கிறான், அவனை மறிக்க அண்ணனை நிறுத்தினால் 2008 ஏப்ரல்தான்.

ஆக, பையனை முதலில் இறக்குங்கள். அந்தக் குள்ளன் பின்னால் ஓடுவது அவன் வேலை. அண்ணனைக் கடைசிக் கால்மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எதிரணியில் நிற்கிற தடித்த ஆளை மறிக்கச் சொல்லுங்கள், பந்தை அவர் கையில் கொடுங்கள். இதை அண்ணனிடம் யார் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை என்று நினைக்கிறேன். கடிதம் எனக்கு வந்ததே அதற்காகத்தானே? நான் சொல்கிறேன். எங்கள் நட்புக்கு வயது உங்களுக்கு ஆகிற வயதைவிட அதிகம். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

ஒன்று மட்டும். பையனின் சப்பாத்து அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. சனிக்கிழமை மழை பெய்தால் அந்தச் சிமெண்டில் அவன் நிற்க மாட்டான். ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். என் பங்கைத் தவுக்கேயிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.