வாசகர் கேள்வி: வேலையை விட்டு வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நான் பி.காம். படித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வேலையை விட்டுவிட்டு வியட்நாமில் ஆங்கிலம் கற்பித்தபடியே ஊர் சுற்ற விரும்புகிறேன். சுற்றுலா விசாவில் போனால் போதும் என்கிறார் ஒரு முகவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் ஊதியத்துக்குக் கற்பிப்பது அந்நாட்டில் சட்டமீறல். பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் உங்களுக்குத்தானே தவிர, முகவருக்கு அல்ல. முறையான பணி அனுமதிக்கு உங்களை அமர்த்தும் நிறுவனமே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறை நற்சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவை தேவைப்படும்.

கற்பித்தல் சான்றிதழ் என்றால் பொதுவாக டெஃபல் எனப்படும், பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேரப் பயிற்சி. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா என்ற சான்றிதழ் கட்டணத்தில் கூடுதல் என்றாலும், உண்மையான மாணவர்கள் முன் நின்று வகுப்பெடுக்கவைத்து மதிப்பிடுவதால் மதிப்பு அதிகம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டினரையே பல நிறுவனங்கள் முதலில் நாடுகின்றன என்பது கசப்பான நடைமுறை. எனவே ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணும் கையில் இருக்கட்டும். தென் கொரியாவை எண்ணியிருந்தால், அங்கே இந்தியர்களுக்கான வழி மிகக் குறுகியது.

நற்சான்றைப் பாஸ்போர்ட் சேவா இணையதளம் வழியாகப் பெறலாம். வேலைவாய்ப்புக் கடிதம் எழுத்தில் வருமுன் ராஜினாமா செய்யாதீர்கள். ஊதியம், வகுப்பு நேரம், விடுமுறை, தங்குமிடம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் வரிவரியாகப் பாருங்கள். தணிக்கை அலுவலகத்தில் இருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கிடையே வார இறுதிகளில் உள்ளூர்ப் பயிற்சி மையம் ஒன்றில் வகுப்பெடுத்துப் பாருங்கள்.