பழைய பிரெஞ்சு நாற்காலியின் தங்கப் பூச்சு வாட்டர்கலரில் ஏன் வெறும் மஞ்சளாகத் தெரிகிறது?

பதினைந்தாம் லூயி பாணி (பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசரின் காலத்து, வளைந்த கால்களும் செதுக்கு வேலையும் கொண்ட) நாற்காலிகளை வரைபவர்கள் பெரும்பாலோருக்கு வரும் சிக்கல் இது. மஞ்சளைக் கூட்டினால் தீராது. படத்தில் இல்லாதது அடர்நிழல். பளிச்சென்ற வெளிச்சமும் கரிய நிழலும் ஒட்டி நின்றால்தான் தங்கம் மின்னும்.

300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் தாள் (கனமான, வழுவழுப்பான வாட்டர்கலர் தாள்) எடுங்கள். சொரசொரப்பான தாளில் நுண்ணிய செதுக்கு வேலை உடைந்துபோகும். உச்ச வெளிச்சம் விழும் இடங்களை வெள்ளையாகவே விட்டு, மற்ற இடங்களில் நீர்த்த எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). செதுக்கின் பள்ளங்களுக்கு பர்ன்ட் அம்பரும் (அடர்பழுப்பு) அல்ட்ராமரீனும் (அடர்நீலம்) கலந்த அடர்நிறம்: ஒரு விளிம்பு கூர்மையாக இருக்கட்டும், மறு விளிம்பை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கூர்மையாக விட்டால் நாற்காலியில் செதுக்கிய சிப்பியும் பூவும் ஒட்டுத்தாள் போலத் தட்டையாகிவிடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: தங்க ரேக்குக்கு அடியில் பெரும்பாலும் செம்மண் பூச்சு இருக்கும். கை படும் முனைகளில் ரேக்கு தேய்ந்து அந்தச் சிவப்பு எட்டிப்பார்க்கும். அங்கே மட்டும் லைட் ரெட் என்ற செம்மண் நிறத்தில் மெல்லிய கீற்று போதும், நாற்காலிக்கு வயது வந்துவிடும்.

கால்களை வரையுமுன் தரையில் நான்கு பாதங்களையும் இணைக்கும் நாற்கரம் போடுங்கள். இல்லாவிட்டால் வளைந்த கால்களில் ஒன்று அந்தரத்தில் நிற்கும்.

மினுமினுக்கும் தங்க வண்ணம் வேண்டாம். ஸ்கேன் செய்தால் மங்கிய பழுப்பாகிவிடும்.