கம்பஸுக்குள் அரசியல் எந்த வாசலால் வந்தது?

கேள்வி: கம்பஸ் என்றாலே இப்போது செய்தியில் வருவது அடிதடி, பகிஷ்கரிப்பு, மூடல்தான். வரவேற்பு விழாவில் எந்த நடனம் ஆடுவது என்று மோதிக்கொள்கிறார்கள். நினைவேந்தல் செய்கிறோம் என்கிறார்கள். பெண்பிள்ளைகளின் உடுப்பும் விவாதமாகிறது. அரசாங்கப் பணத்தில் படிக்கப் போன பிள்ளைகள் அரசியலையும் கலாசாரத்தையும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் படித்தால் என்ன? வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒரு இனத்துக்கு, ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) இன்னொரு இனத்துக்கு என்ற நிலைதான் எதற்கு?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், களுவாஞ்சிகுடி)

பதில்: வெளியே வைக்கலாம் ஐயா. ஆனால் உள்ளே கொண்டுவந்தவர் எவரோ அவரல்லவா முதலில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நிர்வாகத்தின் பிடி பேரவையிடம் இருக்கிறது. அதில் உபவேந்தர், பீடாதிபதிகள், மூதவை (செனட்) பிரதிநிதிகள் என்று உள்ளேயிருப்பவர்கள் எத்தனை பேரோ, அதைவிட ஒருவர் கூடுதலாக வெளியாரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும். வாக்கெடுப்பு என்று வந்தால் வெளியார் பக்கமே கனம். ஆணைக்குழுவின் ஏழு பேரையும் நியமிப்பவர் ஜனாதிபதி. பேரவை தெரிந்து அனுப்பும் மூன்று பெயர்களில் ஒருவரை உபவேந்தராக்குபவரும் ஜனாதிபதிதான். நிலைமை கைமீறிவிட்டது என்று கருதினால், எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை இருத்தும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. ஆட்சி மாறும்போதெல்லாம் பேரவை நாற்காலிகளில் முகங்கள் மாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இத்தனைக்கும் பிறகு, இருபத்தொரு வயதுப் பொடியன் பதாகை பிடித்தால் மட்டும் "அரசியல் புகுந்துவிட்டது" என்கிறோம். கூத்துக் களரியில் தாளம் பிசகினால் நாம் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் முகத்தைத்தான் பார்ப்போம். கம்பஸ் விஷயத்தில் மட்டும் ஆடுகிறவனைப் பிடித்து இறக்குகிறோம்.

வந்தாறுமூலையில் நினைவேந்தல் எதற்கு என்று கேட்பவர்கள் 1990ஐ மறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது சுற்றுவட்டார ஊர்ச் சனம் அடைக்கலம் புகுந்தது அந்த வளாகத்துக்குள். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் வந்து 158 பேரைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த மண்ணில் அரசியல் வேண்டாம் என்று எந்த மாணவனிடம் போய்ச் சொல்வது?

2006ஐயும் சொல்லியாக வேண்டும். அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை, கலாசார பீடாதிபதி கடத்தப்பட்டார். உபவேந்தர் பதவி விலகினால்தான் அவரை விடுவோம் என்பது கடத்தியவர்களின் நிபந்தனை. உபவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் விலகல் கடிதம் கொடுத்தார், பீடாதிபதி உயிரோடு திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி, கொழும்பில் உயர்பாதுகாப்பு வலயம் என்று சொல்லப்பட்ட இடத்தில் நடந்த விஞ்ஞான மாநாடு ஒன்றுக்குப் போன இரவீந்திரநாத் காணாமல் போனார். விவசாயம் படிப்பித்த மனிதர். இந்தச் சம்பவத்தோடு தொடர்புடையவர் என்ற சந்தேகத்தில் முன்னாள் இராஜாங்க அமைச்சர் ஒருவரைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது 2025 ஏப்ரலில். இடையில் ஓடியவை பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல். ஆயுதம் வைத்திருந்தவர்களின் அரசியல் உபவேந்தரின் கதிரைவரை போனபோது நம்மில் பலர் வாய் திறக்கவில்லை. பயம்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் சேர்த்து வைத்த ஒழுக்க உபதேசத்தை இன்றைக்குப் பிள்ளைகளின் தலையில் இறக்க வேண்டாம்.

கலாசாரத்துக்கு வருவோம். நீங்கள் மனதில் வைத்திருப்பது 2016 ஜூலை 16ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் வரவேற்பு விழா என்று நினைக்கிறேன். கண்டிய நடனத்தைச் சேர்க்க வேண்டும் என்று சிங்கள மாணவர் கேட்க, அதில் தொடங்கிய தர்க்கம் அடிதடியானது. மண்டை உடைந்ததை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அடுத்து என்ன நடந்தது? வளாகத்தை மூடினார்கள், விடுதியிலிருந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். எங்கள் வளாகங்களிலும் வேறு வேறு காரணங்களுக்காக அதே வைத்தியம்தான். பாணந்துறைச் சிங்களப் பிள்ளையும் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளையும் ஒருவரையொருவர் நேரில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை ஆளுக்கொரு பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோய், அங்கே பெரியவர்களிடம் கேட்டு, இன்னும் நன்றாகத் தீட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

கலாசாரச் சண்டையே கூடாது என்று நீங்கள் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படியொரு சண்டை இல்லாமலிருந்தால் கூத்தைப் பற்றி இன்று பேச எதுவும் மிஞ்சியிராது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, செப்பனிட்டு, படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். விடிய விடிய ஆடுவதை இப்படி நறுக்கலாமா என்ற கேள்வி அன்றே உண்டு. அங்கே மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னர் வந்தாறுமூலையில் நுண்கலைத் துறையை வளர்த்தெடுத்து, கூத்தின் இரு வகைகளான வடமோடி, தென்மோடி ஆட்டங்களை நவீன அரங்கத்தோடு சேர்த்துப் பார்த்தார். அதே வளாகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் வேறு பக்கம் திரும்பினார். கூத்தை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம், ஊரின் திறந்த ஆடுகளமான களரியிலேயே வைத்து, ஊராரோடு சேர்ந்து, சாதியும் பெண்ணைத் தாழ்த்துவதுமான இடங்களைப் பேசித் திருத்தி ஆடுவோம் என்று மட்டக்களப்பின் சீலாமுனையில் இறங்கினார். 'கூத்து மீளுருவாக்கம்' என்ற பேர் அப்படி வந்தது. இதில் எவர் சரி என்று என்னைக் கேட்டால், மேடைக் கூத்தை ரசிப்பேன், களரியின் பக்கம் நிற்பேன். அது கிடக்கட்டும். கூத்து எவருடையது, அதைத் தொட எவருக்கு உரிமை, அதில் எது வெட்டப்படலாம் என்பதைவிடச் சூடான கலாசாரத் தகராறு இந்த மாகாணத்தில் என்ன இருக்கிறது? அதை ஆடியும் எழுதியும் பேசியும் நடத்தினார்கள். எந்த உபவேந்தரும் அதற்காகக் கேற்றைப் பூட்டவில்லை.

கண்டிய நடனத்துக்கும் அதே இடத்தைக் கொடுக்க முடியாதா? முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு வரவேற்பு வைக்கும் முன்னர் நிகழ்ச்சி நிரலை மூவின மாணவரும் ஒரு மேசையில் இருந்து தீர்மானிக்க ஒரு பிற்பகல் போதும். விரிவுரையாளர் ஒருவர் கூட இருந்தால் போதும். இதற்கு ஆணைக்குழுவின் சுற்றறிக்கை தேவையில்லை.

உடுப்பைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது நம் மட்டக்களப்பு நகரில். அதன் பின்னர் அவசரகால விதியால் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. முகத்தை மூடாத அபாயாவையும் நாம் சேர்த்துச் சந்தேகித்தோம் என்பதே உண்மை. சேலைதான் பண்பாடு என்று ஒரு பக்கமும் அபாயாதான் அடக்கம் என்று இன்னொரு பக்கமும் சொல்கிறவர்களில் அநேகர் ஆண்கள். அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

ஒலுவிலைப் பற்றிய உங்கள் வரியில் ஒரு குத்தல் இருக்கிறது. அது யாரோ வீம்புக்குக் கட்டியதல்ல. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, கிழக்கில் பள்ளிவாசல்களுக்குள்ளேயே படுகொலைகள் நடந்த 1990இன் பின்னர், யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ பிள்ளையை அனுப்பப் பயந்த பெற்றோருக்கு முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் கொடுத்த பதில் அது. 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரி, 1996 மே மாதத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அந்தப் பயத்தில் தமிழர்களாகிய நமக்கும் பங்குண்டு. இன்றைக்கு அங்கேயும் வந்தாறுமூலையிலும் மூவினப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இன அடையாளம் நம் வாயில்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். பகிடிவதை அரசியலும் இல்லை, கலாசாரமும் இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது சிறைக்குரிய குற்றம். புதிய பிள்ளையை முழந்தாளில் இருத்திவிட்டு மறுநாள் அடக்குமுறைக்கு எதிராகக் கோஷம் போடும் சங்கத் தலைவரை நான் மதிக்கப் போவதில்லை. அந்த விஷயத்தில் கடுமை காட்டத் தயங்கும் நிர்வாகம், சுவரொட்டி ஒட்டியவனுக்கு வகுப்புத்தடை போட மட்டும் மணிக்கணக்கில் கூடுவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஐயா, அரசாங்கப் பணம் என்று சரியாகவே எழுதினீர்கள். அது உங்கள் வரிப்பணம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. அரச பல்கலைக்கழகங்களும் அதற்குள் அடக்கம். பேரவையின் வெளி உறுப்பினர்கள் எவரெவர், அவர்களின் தகைமை என்ன, கடைசியாக வளாகத்தை மூடிய தீர்மானத்தை எந்தக் கூட்டத்தில் எந்தக் காரணத்துக்காக எடுத்தார்கள் என்று ஒரு விண்ணப்பம் எழுதித் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்லியாக வேண்டும். பதில் வந்தால் பிரதியொன்றை எங்களுக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம்.