‘ம, ர, இம்’னு படிச்சிட்டு ‘மரம்’ சொல்லத் தெரியாம நிக்கிற ரெண்டாங்கிளாஸ் பொண்ணுக்கு

அந்த ‘இம்’-ஐ முதல்ல விட்ருங்க. புள்ளி வச்ச எழுத்தோட பேரைத்தான் அவ சொல்றா, சத்தத்தைச் சொல்லல, ‘ம, ர, இம்’னு எத்தனை வேகமா சொன்னாலும் மரம் வராதுல்ல. வாயை மூடி வெறும் ம்ம்ம்-னு சொல்லச் சொல்லுங்க, நடுவுல நிறுத்தாம மஅஅரஅஅம்ம்-னு இழுத்து சேர்க்கட்டும்.

ஒரு செக். புக்கை மூடி வச்சிட்டு நீங்க வாயால மெதுவா ப...ழ...ம்-னு சொல்லுங்க. அவ பழம்னு புடிச்சிட்டா காதுக்குச் சேர்க்கத் தெரியுது, எழுத்துதான் பழகணும். புடிக்கலன்னா ஒரு வாரம் எழுத்தே வேண்டாம், இந்த விளையாட்டு மட்டும்.

அப்புறம் படம், பழம், பணம், பயம் நாலையும் அட்டையில எழுதுங்க, நடு எழுத்து மட்டும்தான் மாறுது, அதனால முதல் எழுத்தைப் பாத்து குத்துமதிப்பா சொல்ல முடியாது. தினம் பத்து நிமிஷம் போதும், அழ ஆரம்பிச்சா எடுத்து வச்சிருங்க.

அவ கேரளாவுல கொழிஞ்சாம்பாறையில மலையாளம் மீடியம் படிக்கிறான்னு சொன்னீங்க, அதையும் மனசுல வைங்க: மலையாளத்துல ka, kha, ga, gha-ன்னு நாலு சத்தத்துக்கு நாலு எழுத்து, தமிழ்ல ஒண்ணேதான், கல்லுக்கும் (ka) கோபிக்கும் (ga) அதே க. அவ குழம்புறது நியாயம்தான், திட்டாதீங்க பாவம். பொள்ளாச்சி பஸ்ல தமிழ்ல இருக்கிற போர்டைக் காட்டிப் படிக்க வைங்க.

மலையாளத்துலயும் இதே மாதிரி திணறினா மட்டும் கண்ணு, காது ரெண்டையும் டாக்டர்கிட்ட பாத்திருங்க, தள்ளிப் போடாதீங்க.