ஹோமா 3.6 வந்தால் பவுடர் வாங்க வேண்டுமா?

ஈரோட்டில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் 36 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் 78 பரிசோதனை பேக்கேஜ் ஒன்றைப் போட்டிருக்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 103, இன்சுலின் 14.2, அதற்குக் கீழே ஹோமா ஐ.ஆர். 3.6 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. மறுநாளே போன். "சார், உங்களுக்கு இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் முத்திப்போச்சு, ஆறு மாசத் திட்டம், 38,000 ரூபாய், எங்க பவுடர் ஆய்வகத்துல எலிகள்கிட்ட நிரூபிச்சது." பயந்துபோய் 5,000 முன்பணமும் கட்டிவிட்டார். மீதியைக் கட்டவா, இந்த ஹோமாவை மாதாமாதம் பார்க்க வேண்டுமா என்கிறார்.

கட்டாதீர்கள் தம்பி. மாதாமாதம் பார்க்கவும் வேண்டாம்.

இன்சுலின் எதிர்ப்பு என்றால், கல்லீரலும் தசையும் இன்சுலின் சொல்வதை முன்போலக் கேட்பதில்லை, அதனால் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். இதை ஒழுங்காக அளக்க 1979இல் வந்த கிளாம்ப் முறை இருக்கிறது. ஒரு ஊசி வழியாக இன்சுலின், இன்னொன்றில் குளுக்கோஸ், சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்து அது ஏறாமல் இறங்காமல் பிடித்து வைத்திருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஊர் ஊராகப் போய்ச் செய்யக்கூடிய காரியமா இது? அதனால்தான் 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405ஆல் வகுப்பது. அதுதான் இந்த ஹோமா ஐ.ஆர். நூற்றுக்கணக்கானவர்களை ஒப்பிடும் ஆய்வுக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஒரு தனி ஆளை "முத்திப்போச்சு" என்று சொல்ல அது போதாது. இன்சுலின் அளக்கும் கிட்கள் ஒன்றுபோல இல்லை, ஒரே ரத்தத்துக்கு இரண்டு லேபில் இரண்டு எண் வரும்.

ரத்தம் எப்படிப் போகிறது என்றும் பாருங்கள். பைக்கில் வரும் பையன் காலை ஆறரைக்கு உங்களிடம் எடுத்துவிட்டு, இன்னும் ஐந்து வீடு முடித்து, பத்து மணிக்கு மேல்தான் லேபுக்குப் போகிறான். சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காவிட்டால் குழாய்க்குள்ளேயே ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். குலுங்கி அணுக்கள் உடைந்தால் இன்சுலின் அளவு பொய்யாகக் குறையும். இத்தனையையும் தாண்டி வந்த எண்ணுக்குச் சிவப்பு அடிக்கிறார்கள். எந்தக் கிட், எந்த வரம்பு என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி கிடையாது, கேட்பாரும் கிடையாது. எனக்கு இதில்தான் பொறுமை போகிறது.

இந்த ஹோமாவை நம்பி ஏமாறவே கூடாத ஆள் ஒருவர் உண்டு, அதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். முயற்சி எதுவும் இல்லாமல் எடை மளமளவென்று குறைகிறது, தாகம் அடங்கவில்லை, இரவில் நான்கைந்து முறை சிறுநீர் போகிறது. இப்படிப்பட்டவருக்குக் கணையமே சுரக்க முடியாமல் போயிருக்கலாம். சர்க்கரை 260, இன்சுலின் வெறும் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி வகுத்தால் 1.9. ரிப்போர்ட்டில் பச்சையாக, அழகாக, "நார்மல்" என்று வரும்! அதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பு இல்லையாம் என்று வீட்டில் இருந்தால் ஆபத்து, அவருக்கு உடனே இன்சுலின் ஊசி தேவைப்படலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறி எதுவும் இல்லை.

இனி அந்த எலி. ஆய்வகத்தில் பொதுவாகச் செய்வது இதுதான்: ஒரே மரபு கொண்ட சுண்டெலிகளுக்குக் கலோரியில் 60 விழுக்காடு கொழுப்பாக இருக்கும் தீனியைச் சில வாரம் போட்டுக் கொழுக்க வைப்பார்கள், பிறகு ஏதோ ஒரு சாற்றைக் கொடுத்துச் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுண்டெலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரி, கூண்டு இருப்பதோ பெரும்பாலும் 22 டிகிரியில், குளிரைத் தாங்கவே அது பாதி ஆற்றலை எரிக்கிறது. இந்த ஆய்வுகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் 1994இல் கிடைத்ததே பிறவியிலேயே பருத்த எலிகளை வைத்துத்தான். அந்த எலிக்கு ஊசி போட்டதும் இளைத்தது, உலகமே குதித்தது. சாதாரணமாகப் பருத்த மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருந்தது. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கே இந்தக் கதி என்றால், டப்பாவில் வரும் பவுடருக்கு?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு தையல்காரர் டேப் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் சுற்றி அளந்து பாருங்கள். பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள், தொப்பைக்குக் கீழே பேண்டை இறக்கிக் கட்டிக்கொண்டு "34தான் சார்" என்பவர்களை டேப் வைத்துப் பார்த்தால் 98 சென்டிமீட்டர் இருக்கும். நம் ஊர் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 வந்தால் எச்சரிக்கை. அப்புறம் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150 அல்லது மேல், நல்ல கொழுப்பு ஆணுக்கு 40க்குக் கீழ், பிரஷர் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். ஐந்தில் மூன்று சேர்ந்தால் அதுதான் இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்து வரும் மெட்டபாலிக் சிண்ட்ரோம். உங்கள் 103 ஒன்றாகிவிட்டது. 78 பரிசோதனையில் டேப்பும் இல்லை, பிரஷரும் இல்லை, பாருங்கள்.

"நான் ஒல்லிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் சேர்ந்து நின்ற படம் ஒன்று உண்டு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடல் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு இருக்கலாம்.

கையில் காசிருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையை ஒரு முறை செய்யுங்கள், லேபுக்கே போய். 140 முதல் 199 வரை வந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, அப்போதும் கதை முடியவில்லை. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு அப்படிப்பட்ட 531 பேரை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றும் செய்யாத பிரிவில் மூன்று ஆண்டில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது, தினமும் நடக்கவும் சாப்பாட்டைத் திருத்தவும் வைத்தவர்களில் 39. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், போனில் பேசுபவர் அல்ல.

அந்த 5,000: வாட்ஸ்அப்பில் எழுத்தாகத் திருப்பிக் கேளுங்கள், அவர்கள் சொன்ன வாக்குறுதிகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள்.